மைதானம் நீண்டுபோன வருசம்

கூத்தலூரணி உயர்நிலைப் பள்ளிக்கூடத்து முன் கேட்டுல இருந்து வராந்தா வரைக்கும் அறுபது தப்படி, இருபத்திரெண்டு வருசமா நான் நடந்த தூரம் அது, அரிசி மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு நடந்தாலும் அறுபது, வெறுங்கைய வீசிக்கிட்டு நடந்தாலும் அறுபது, அந்த அறுபது தப்படி காலாண்டுப் பரீட்சை முடிஞ்சு ரேங்க் கார்டு குடுத்ததுக்கு மறுநாள் காலையில இருந்து புள்ளையப் பெத்தவகளுக்கு மட்டும் அரை நாள் தூரமாப் போச்சு. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். எனக்கு உலை வைக்கிற வேலை இருக்கு, உங்களை நம்ப வைக்கிற வேலை இல்ல.

என் பேரு வெள்ளத்தாயி, அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையக்காரி. ஆனா இது என்னைப் பத்தின கதை இல்ல, அப்படித்தான் ரொம்ப நாளா நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இது எட்டாம் வகுப்புப் படிச்ச ரூபிகாவோட காதைப் பத்தின கதை. அந்தப் புள்ளைக்கு இடது காதுல சீழு வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, காது பொழைக்குமா போகுமாங்கிறது அந்த மைதானத்தத் தாண்டி ரெண்டு பொம்பளைக பேசிக்கிறதுல இருந்துச்சு, ஒருத்தி அவளப் பெத்தவ குருவம்மா, இன்னொருத்தி அவ வகுப்பு டீச்சர் ஜெயசீலி.

முதல்ல அந்தத் தூரத்துல மாட்டுனது டிராக்டர் ஓட்டுற சங்கரபாண்டி. மகன் ரேங்க் கார்டுல ஏகப்பட்ட செகப்புக் கோடு, "எவன்டா போட்டான்?"னு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு முதல் மணி அடிக்கையில கேட்டுக்குள்ள நொழஞ்சான், நடந்தான், நடந்தான், வராந்தா கண்ணு முன்னாடிதான் இருக்கு, ஹெட்மாஸ்டர் பெரிய சார் நாற்காலியில உக்காந்து கையெழுத்துப் போடுறது தெரியுது, சுவத்துல எழுதுன திருக்குறள் தெரியுது, ஆனா கிட்டத்துல வரல, இடைவேளை மணி அடிச்சுது, சாப்பாட்டு மணி அடிச்சுது, அவன் மகனே அவனைத் தாண்டி வீட்டுக்கு ஓடி ஊறுகா எடுத்துக்கிட்டுத் திரும்பி ஓடுறான், "என்னப்பா இன்னும் இங்கயே நிக்கிற?"னு கேட்டுட்டுப் போறான். வராந்தாவ சங்கரபாண்டி தொடும்போது மணி நாலு பத்து, பெரிய சார் நாலு மணி பஸ்ஸுல போயிட்டாரு. குழாயில தண்ணியக் குடிச்சுட்டுத் திரும்புனான். திரும்பிப் போறதுக்கு அறுபதே தப்படி. அதுதான் எல்லாருக்கும் பெரிய வயித்தெரிச்சலா இருந்துச்சு.

எங்க வாத்தியாருக எல்லாம் வெளியூரு. விருதுநகர்ல இருந்தும் சாத்தூர்ல இருந்தும் பஸ்ஸுல வருவாக, பஸ்ஸு நிக்கிறது பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ரோட்டுல, இறங்குனதும் பின் கேட்டு வழியா உள்ள வந்து, சாயங்காலம் அதே வழியாப் போயிருவாக. ஊரு இருக்கிறது முன் கேட்டுக்கு வெளிய. ஊருக்குள்ள அவுக வந்ததுமில்ல, அதனால மைதானம் நீண்டது அவுகளுக்கு ஒரு மாசம் வரைக்கும் தெரியாது. "இந்த ஊர்ல எவனும் வரமாட்டான், சொன்னேன்ல"னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு டிபன் பாக்ஸத் தொறந்தாக. ஊரு என்ன சொல்லுச்சுன்னா, "நம்ம வரக்கூடாதுன்னே தரைய இழுத்து விட்டுருக்கானுக"ன்னு சொல்லுச்சு.

ஊரு எதுக்கும் பழகிரும். ஒரு வாரம் அதிசயமாப் பாத்தாக, ரெண்டாவது வாரம் பஞ்சாயத்துத் தலைவர் தாலுகா ஆபீஸ்ல இருந்து சர்வேயரக் கூட்டியாந்தாரு, அந்தத் தம்பி சங்கிலியப் போட்டு இழுத்து அளந்துட்டு நாப்பத்தஞ்சு மீட்டர், எந்தக் கோளாறும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு அறுபது தப்படியில வெளிய போயிட்டாரு, அவருக்கு இங்க புள்ளை படிக்கல. மூணாவது வாரம் மைதானத்து நடுவுல ஒருத்தன் டீக்கடை போட்டான். புள்ளையப் பாக்கப் போறவுக தூக்குச்சட்டியில கஞ்சியும் வெங்காயமும் கட்டிக்கிட்டுப் போனாக, போற வழியில சம்பந்தம் பேசினாக, பழைய வாய்க்கா வரப்புச் சண்டைய அங்கயே தீத்துக்கிட்டாக, புதுசா ரெண்டு சண்டையும் போட்டாக. பாதி பேரு டீக்கடையோட திரும்பிருவாக. "எங்கக்கா போயிட்டு வாறீக?"ன்னா "பள்ளிக்கூடத்துல பாதிக்கு"ம்பாக. மேல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு, பெற்றோர் வருகை குறைவுக்குக் காரணம் என்னன்னு கேட்டு, பெரிய சார் 'தூரம்'னு ஒரே வார்த்தை எழுதி அனுப்புனாரு, அதுக்குப் பதிலா போக்குவரத்துப் படி கெடையாதுன்னு இன்னொரு கடுதாசி வந்துச்சு.

நான் மட்டும் அறுபது தப்படியில போயிட்டு வந்தேன். எனக்குப் புள்ளை குட்டி இல்ல, நான் வாத்தியாரும் இல்ல. அதோட ரெண்டு பக்கமும் என்னை நம்புனாக, அதுவும் காரணமா இருக்கலாம், காரணத்த யாரு கண்டா.

இங்க ஒரு வழக்கத்தச் சொல்லணும். பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளை தப்புப் பண்ணா "நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வா"ன்னு சொல்லுவாக, நல்லது பண்ணா கூட்டிட்டு வரச் சொல்ல மாட்டாக. அதனால பெத்தவுகளக் கூப்புடுறதுன்னாலே எங்க ஊருல அது தண்டனை, கூப்புட்ட அன்னிக்கு வீட்டுல ஒரு அடி, பள்ளிக்கூடத்துல ஒரு பேச்சு. புள்ளைக பாவம், நேரா சமையக்கட்டுக்கு ஓடியாந்து "பெரியம்மா, நீங்க வந்து நில்லுங்க"ன்னு என் முந்தானையப் புடிச்சு இழுக்கும். நானும் கைய அலம்பிட்டுப் போயி நிப்பேன். எத்தனை புள்ளைக்கு நான் சித்தியா நின்னுருக்கேன், அத்தையா நின்னுருக்கேன், ஒரு தடவை ஒரே நாள்ல மூணு வகுப்புல மூணு உறவா நின்னேன். வாத்தியாருகளுக்குத் தெரியாதா? தெரியும். யாராச்சும் ஒருத்தி வந்து தலைய ஆட்டினாப் போதும்னு அவுகளுக்கும் இருந்துச்சு.

பெற்றோர் ஆசிரியர் கூட்டம்னு ஒண்ணு உண்டு. அந்தக் கூட்டம் என் மஞ்சப் பையில நடந்துச்சு. பெரிய சார் நோட்டக் குடுத்து விடுவாரு, நான் சாயங்காலம் வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்கிட்டு வருவேன், கூட்டத்துல என்ன பேசினாகன்னு பெரிய சாரே எழுதிக்கிருவாரு. மைதானம் நீண்டதுக்கு அப்புறம் இந்த வேலை எனக்கு ரெண்டு மடங்காச்சு. கால் வலிக்கும், வாயும் வலிக்கும். ஒரு பக்கம் சொன்னத அப்படியே இன்னொரு பக்கம் போயிச் சொல்ல முடியுமா? "அந்தப் பொம்பளைக்குப் புள்ளை மேல அக்கறையே கெடையாது"ன்னு டீச்சர் சொல்லுவாக, நான் போயி "டீச்சர் உன்னைய ரொம்ப விசாரிச்சாக"ன்னு சொல்லுவேன். "அவ என்ன பெரிய கலெக்டரா, நெனச்சப்பல்லாம் ஓடி வர?"ன்னு இவ சொல்லுவா, நான் வந்து "வேலையா இருக்காளாம், கும்புடு சொல்லச் சொன்னா"ம்பேன். ரெண்டு பக்கமும் பல்லுல படாம பேசிப் பேசி, யாருக்கும் யாரு மேலயும் கோவம் வரவிடாம நான் காப்பாத்துறேன்னு எனக்கு ஒரு பெருமை வேற. நான் இல்லேன்னா இந்தப் பள்ளிக்கூடம் நடக்குமான்னு உலை கொதிக்கையில நெனச்சுக்குவேன். தூ!

ரூபிகா கதைக்கு வாறேன். ஆடி மாசமே ஜெயசீலி டீச்சர் அவ காதக் கண்டுபிடிச்சுட்டாக. பேரக் கூப்புட்டா அந்தப் புள்ளை மூணாவது தடவைதான் திரும்பும், கேட்ட கேள்விக்கு வேற பதிலச் சொல்லும், முதல்ல டீச்சரு திமிருன்னு நெனச்சு முட்டி போட வச்சுருக்காக, அப்புறம் கிட்டப் போயிப் பாத்தா ரெட்டை ஜடைக்குக் கீழ காதுல இருந்து சீழு, நாத்தம், பக்கத்துல உக்காந்தவ தள்ளித் தள்ளி உக்காந்துருக்கா. அன்னிக்கு டீச்சரு சமையக்கட்டு வாசலுக்கே வந்துட்டாக.

"வெள்ளத்தாயிக்கா, ரூபிகா அம்மாவ நாளைக்கு வரச் சொல்லுங்க. வர முடியலேன்னா நேரா விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. காது டாக்டரு பாக்கணும். விட்டா கேக்காமப் போயிரும், சொல்லிட்டேன்."

அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். மறுநாள் காலையில தீப்பெட்டி ஆபீஸு வேன் வந்து நிக்கிற எடத்துல குருவம்மாவப் புடிச்சேன். அவ புருசன் கேரளாவுல மரம் அறுக்கப் போனவன், வந்தா வந்தான், இவ ஒருத்திதான் விடிஞ்சு எந்திரிச்சு ஆக்கி வச்சுட்டு வேன் ஏறிப்போயி பொழுது சாய வாறவ, அங்க ஒரு நாள் போகலேன்னா மறுநாள் அந்த எடத்துல இன்னொருத்தி உக்காந்துருப்பா. ஒரு காலு வேனுக்குள்ள, ஒரு காலு தரையில, "என்னக்கா, டீச்சரு எதுவும் சொன்னாகளா?"ன்னு பயந்து கேட்டா. அந்த முகத்தப் பாத்ததும் எனக்கு ஆஸ்பத்திரின்னு வாயில வரல. என்ன பெருசா, காதுல சீழுதான, எங்க காலத்துல யாருக்கு வரல.

"ஒண்ணுமில்லடி, காதுல லேசா சீழு வருதாம். பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊத்தச் சொன்னாக."

"டீச்சரா சொன்னாக?"

"டீச்சருதான் சொன்னாக"ன்னேன். என் வைத்தியம்னா செய்ய மாட்டா, டீச்சரு சொன்னதுன்னா செய்வா, அதுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். டீச்சருகிட்ட வந்து "சொல்லிட்டேன் டீச்சர், பாத்துக்கிறேன்னுட்டா"ன்னு சொன்னேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

அவ ஊத்துனா. டீச்சரு சொன்னாகன்னு ஒரு நாள் விடாம, வேலையில இருந்து வந்த அலுப்போட, புள்ளையத் தொடையில சாச்சுப் படுக்கப் போட்டு, சுடச்சுட ஊத்துனா. புள்ளை கத்துமாம். "டீச்சருக்குத் தெரியாதா, படுடி"ன்னு அமுக்கிப் புடிச்சு ஊத்துவாளாம். சீழு நிக்கல, வலி கூடுச்சு. புரட்டாசியில டீச்சரு ரெண்டாவது தடவை சொன்னாக, நான் "கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டாளாம் டீச்சர், மருந்து குடுத்துருக்காகளாம்"ன்னு சொன்னேன். அப்புறம்தான் மைதானம் நீண்டுச்சு. நீண்டது எனக்குச் சௌகரியமா இருந்துச்சுன்னு இப்பச் சொல்றேன், இப்பச் சொல்லி என்ன செய்ய.

ஐப்பசியில டீச்சரு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தாக. ஒட்டாத கவரு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். 'இரண்டு முறை சொல்லி அனுப்பியும் நீங்கள் வரவில்லை. பிள்ளை மீது அக்கறை இருந்தால் இந்தக் காதை இப்படி விட்டிருக்க மாட்டீர்கள்'னு இருந்துச்சு. இதக் குருவம்மா யாரையாச்சும் விட்டுப் படிச்சா ரத்தக்களரி ஆயிரும், நான் ஊத்தச் சொன்ன எண்ணெயும் வெளிய வந்துரும். அடுப்புல சாம்பார் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, கடுதாசிய அதுக்குக் கீழ வச்சேன். அன்னிக்கு எரநூத்திப் பதினாலு புள்ளைக அந்தச் சாம்பாரச் சாப்பிட்டுச்சு, ரூபிகாவும் சாப்பிட்டா, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினா. சாயங்காலம் குருவம்மாகிட்ட, டீச்சரு எண்ணெய விடாம ஊத்தச் சொன்னாகன்னு சொன்னேன்.

கார்த்திகை பொறந்து முதல் திங்கக்கிழமை ரூபிகா பள்ளிக்கூடம் வரல. காய்ச்சல், காதுக்குப் பின்னாடி முட்டை கணக்கா வீக்கம். டீச்சரு என்கிட்ட வந்து கேட்டாக, நான் "லேசாக் காய்ச்சலாம்"னு தட்டு கழுவிக்கிட்டே சொன்னேன். அவுக எம் முகத்தையே கொஞ்ச நேரம் பாத்தாக. அப்புறம் கைப்பையத் தோள்ல மாட்டிக்கிட்டு வராந்தாவ விட்டு இறங்குனாக, பின் கேட்டுப் பக்கம் போகல, ஆறு வருசத்துல முதல் தடவையா முன் கேட்டப் பாத்து நடந்தாக.

நான் சமையக்கட்டு ஜன்னல் வழியாப் பாத்தேன். அங்குட்டு, கேட்டுக்குள்ள குருவம்மா வாறா. அன்னிக்கு வேன் ஏறல. ரூபிகா தலையில துண்டச் சுத்தி, ஒரு கையத் தாய் தோள்ல போட்டுக்கிட்டு, தாயோட நடைக்கு நடந்து வருது. புள்ளைகளுக்கு அந்த மைதானம் ஒரு ஓட்டம்தான், ஆனா தாய் கையப் புடிச்சுக்கிட்டு நடந்தா தாய்க்கு எத்தனை தூரமோ அத்தனை தூரம்தான். குருவம்மா வாறது டீச்சரக் கொமட்டுல குத்த, நடையிலயே தெரிஞ்சுச்சு. கரண்டியப் போட்டுட்டு ஓடுனேன்.

டீச்சருகிட்ட முதல்ல போனேன். "டீச்சர், வெயிலு, நீங்க எதுக்கு, சொல்லுங்க நான் போயிச் சொல்லிட்டு வாறேன்."

"இல்லக்கா. நீங்க சொன்னதெல்லாம் போதும். நானே போறேன்."

குருவம்மாகிட்ட ஓடுனேன். "அடியே, புள்ளைய இந்த வெயில்ல எதுக்கு இழுத்துக்கிட்டு வாற? என்ன கேக்கணுமோ என்கிட்ட சொல்லு."

"ஒதுங்குக்கா"ன்னா. "என் புள்ள மூணு நாளாத் தூங்கல. அந்தப் பொம்பளை மூஞ்சிக்கு நேரா நானே கேட்டுக்கிறேன்."

இங்குட்டும் அங்குட்டும் எத்தனை தடவை ஓடுனேனோ தெரியல. "அவ ரொம்பக் கோவத்துல வாறா டீச்சர், திரும்பிருங்க"ன்னு இங்க, "அவுக நல்ல மனுசி, அப்புறம் பேசிக்கலாம்டி"ன்னு அங்க. வாத்தியாருக்கும் அந்தத் தூரம் உண்டுன்னு அப்பத்தான் பாத்தேன். திரும்பினா அறுபது தப்படிதான், ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் திரும்பல. டீச்சரு செருப்பு அறுந்துச்சு, கையில எடுத்துக்கிட்டு நடந்தாக, அந்தத் தரை எங்க ஊருத் தரை, முள்ளு இருக்கும்னு அன்னிக்குத்தான் அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும். குருவம்மா புள்ளைய டீக்கடையில உக்கார வச்சு ஒரு வாய் டீ குடிக்க வச்சுட்டு மறுபடி தூக்கி நிறுத்துனா. சாப்பாட்டு மணி அடிச்சுது, சாம்பார் அடி புடிச்சுப் போச்சு, புள்ளைக சாப்பிட்டுட்டு வந்து ரெண்டு பக்கமும் நின்னு வேடிக்கை பாத்துச்சுக. எல்லா வாத்தியாரும் வராந்தாவுல நின்னாக. கேட்டுக்கு வெளிய ஊரு நின்னுச்சு.

மூணு மணி இருக்கும் ரெண்டு பேரும் எதிருக்கெதிர நிக்கையில. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது, வேர்வை ஊத்துது, யாருக்கும் கத்துறதுக்குத் தெம்பில்ல. அது ஒரு நல்லதுன்னு இப்ப நெனக்கிறேன். காலையிலயே பாத்துருந்தா மயிரப் புடிச்சிருப்பாக.

"நல்லா இருப்பீகளா டீச்சர்"னா குருவம்மா, சத்தம் வரல, காத்துதான் வந்துச்சு. "நீங்க சொன்ன எண்ணெயத்தான ஊத்துனேன். ஒரு நாள் விடல. புள்ளை கதறக் கதற ஊத்துனேன். இந்தா பாருங்க."

துண்ட அவுத்துக் காட்டினா. டீச்சரு கை வீக்கத்துக்குப் பக்கத்துல போயி அப்படியே நின்னுச்சு.

"எண்ணெயா? நான் எங்கம்மா எண்ணெய் ஊத்தச் சொன்னேன்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு ஆடி மாசத்துல இருந்து சொல்லி விடுறேன். கடுதாசி எழுதி விட்டேன்."

"என்ன கடுதாசி?"

அம்புட்டுதான் பேச்சு. அதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணுபோலத் திரும்பி என்னைப் பாத்தாக. நான் நடுவுல, கரிக்கையோட, முந்தானையில மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தாகன்னா தாங்கியிருப்பேன். திட்டல. குருவம்மா "நீயாக்கா?"ன்னா. டீச்சரு "முதல்ல புள்ளையப் பாப்போம், வாங்க"ன்னு சொல்லி ரூபிகாவ அந்தப் பக்கம் புடிச்சாக, குருவம்மா இந்தப் பக்கம் புடிச்சா. அவுக நின்ன எடத்துல இருந்து வராந்தா முப்பது தப்படிகூட இல்ல. ஊரே பாத்துச்சு, பொசுக்குன்னு போய்ச் சேந்துட்டாக, பின் கேட்டத் தாண்டி மூணே கால் பஸ்ஸுல ஏறிட்டாக.

நான் சமையக்கட்டுக்குத் திரும்புனேன். பாத்திரம் எல்லாம் கழுவாமக் கெடக்கு. நடந்தேன். சமையக்கட்டு ஜன்னல் தெரியுது, அடி புடிச்ச சாம்பார் வாடை வருது, ஆனா கிட்டத்துல வரல. பள்ளிக்கூடம் விட்டுப் புள்ளைக என்னைத் தாண்டி ஓடுச்சுக, "பெரியம்மா, இன்னும் இங்கயே நிக்கிறீக?"ன்னு கேட்டுட்டு ஓடுச்சுக. நான் நடந்துக்கிட்டே இருந்தேன்.

விருதுநகர்ல பாத்துட்டு மதுரைக்கு அனுப்பிட்டாக. காதுக்குப் பின்னாடி எலும்பு வரைக்கும் அரிச்சுப்போச்சு, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும்னு டாக்டரு சொன்னாராம். அறுத்து எடுத்தாக. உசுரு பொழச்சுது, வலது காது தப்பிச்சுது, இடது காது போச்சு. இருபது நாளு ஆஸ்பத்திரியில குருவம்மா ராத்திரிக்கு இருந்தா, டீச்சரு லீவு போட்டுட்டுப் பகலுக்கு இருந்தாக, தீப்பெட்டி ஆபீஸுல டீச்சரே போயிப் பேசி குருவம்மா எடத்த வேற யாருக்கும் குடுக்காம நிறுத்தி வச்சாக. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டாகன்னு சொல்ல மாட்டேன், அப்பப்பச் சண்டையும் போட்டாக, ஆனா மூஞ்சிக்கு நேராப் போட்டாக.

மைதானம் எல்லாருக்கும் ஒரேயடியாச் சுருங்கிறல. அவுகவுக நடந்துதான் அவுகவுக தூரம் கொறஞ்சுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாத்தியாருக முன் கேட்டுப் பக்கமா இறங்கி நடந்து பாத்தாக, பெத்தவுக அங்குட்டிருந்து வந்தாக, டீக்கடையில நின்னு பேசினாக, "உங்க மகன் நல்லாப் படம் வரையிறான்"னு கணக்கு வாத்தியாரு ஒருத்தன்கிட்டச் சொல்லப்போக, இதச் சொல்லவா கூப்புட்டீகன்னு அவன் அழுதுட்டான். பொங்கல் வரையில முக்காவாசிப் பேருக்கு அறுபது தப்படி வந்துருச்சு. சங்கரபாண்டிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகுது, அவன் கொணம் அப்படி. டீக்கடைக்காரன் கடையத் தூக்கிட்டான். கூட்டத்து நோட்ட இப்ப யாரும் என் பையில குடுத்து விடுறதில்ல.

எனக்கு மட்டும் அரை நாள். வெள்ளென எந்திரிச்சு, மொகங்கழுவி, பொழுது வெளுக்கையில கேட்டத் தாண்டினா பதினோரு மணிக்கு அடுப்புக்கிட்டப் போவேன். உதவிக்கு இருக்கிற பொண்ணு அரிசியப் போட்டு வச்சிருப்பா, நான் போயி கொழம்பத் தாளிப்பேன். வேலைய விட்டுறலாம்னு பெரிய சாருகிட்டக் கேட்டேன், "நடக்க முடியுற வரைக்கும் வாங்க"ன்னாரு. யாரும் என்னை வரவேண்டாம்னு சொல்லல, யாரும் எதையும் சொல்லி விடவும் இல்ல. கால் வீங்குது. போற வழியில உக்காரக்கூட ஒரு நெழலு இல்ல.

மாசி மாசம் ரூபிகா பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தா. ஒரு பக்கம் முடி இப்பத்தான் மொளைக்குது, காதுக்குப் பின்னாடி தழும்பு. நான் மைதானத்துல பாதி வந்துருந்தேன், அவ கேட்டுக்குள்ள ஓடியாந்தவ என்னைத் தாண்டிப் போகல, நின்னுட்டா, எனக்கு வலது பக்கமா வந்து கூட நடந்தா. அவ இடது பக்கம் என் பக்கம். எனக்கு அது நல்லதாப் போச்சு. மூணு மாசமா நெஞ்சுல கெடந்தத மெதுவாச் சொன்னேன், உதட்ட அசச்சும் அசைக்காமயும், அவ காதுல விழுந்துருமோங்கிற பயத்துல, விழாதுங்கிற தைரியத்துல சொன்னேன்.

அவ நின்னா. "பெரியம்மா, அந்தப் பக்கம் கேக்காது"ன்னா. "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல தாயி. உங்க அம்மா உன்கிட்ட எதுவும் சொல்லலயா?"

"கேட்டேன். அம்மா சொல்லல. டீச்சருகிட்டக் கேட்டேன், டீச்சரும் சொல்லல. அது உங்க பெரியம்மா சொல்ல வேண்டியது, நாங்க சொல்லக்கூடாதுன்னுட்டாக."

தூக்குச்சட்டியக் கீழ வச்சேன். அவளச் சுத்திக்கிட்டு வலது பக்கம் போனேன், ரெண்டு எட்டுத்தான், அந்த ரெண்டு எட்டு எடுத்து வைக்க எனக்குக் காலு வரல.

"எண்ணெய ஊத்தச் சொன்னது டீச்சர் இல்ல. நான்தான். டீச்சரு ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொன்னாக, நான் உங்க அம்மாகிட்டச் சொல்லல. கடுதாசியையும் நான்தான் எரிச்சேன். உன் காது போனது என்னாலதான் தாயி."

சத்தமாச் சொன்னேன், வராந்தா வரைக்கும் கேட்டுருக்கும்.

"கேட்டுச்சு"ன்னா.

முதல் மணி அடிச்சுது, மத்த புள்ளைக எல்லாம் எங்களத் தாண்டி ஓடுச்சுக. அவ ஓடல. என் நடைக்கே நடந்து வந்தா, வலது பக்கம் எனக்கு எடம் விட்டு. அன்னிக்கும் வராந்தா வந்து சேர பதினோரு மணி ஆச்சு.